டிசைன் வேலைக்குப் பிராசஸர் வாங்குகிறீர்களா? எண்ணை முழுதாகப் படியுங்கள்

ஏர்வாடி சந்தனக்கூடு நெருங்கிய நேரம். கீழக்கரையில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் தம்பி ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பத்துக்கு எட்டடி பேனரைத் திறந்தாலே திணறுகிறது. "ஐ7 என்று சொல்லித்தானே அண்ணே கொடுத்தார்கள்" என்றார், முகம் வாடி. திறந்து பார்த்தேன். ஐ7-4770. 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை இன்டெல் பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை.

ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. வயது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 4770 என்றால் நான்காம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாவது. பிராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பிரிவுதான் கோர். அந்தப் பழைய ஐ7-இல் இருப்பதும் நான்கு கோர், ஐ3-12100-இல் இருப்பதும் நான்கு கோர்தான். ஆனால் ஒவ்வொரு கோரின் வேகத்திலும் புதிய ஐ3 வெகுதூரம் முந்திவிடும். இன்னொரு சங்கடம்: இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, மிகச் சில தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கோர் வேகத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? கரைவலை இழுக்கப் பலர் சேர வேண்டும். ஆனால் கிழிந்த கண்ணி ஒன்றைக் கட்ட ஒருவர் கைதான் வேலை செய்ய முடியும். கல்யாண வீடியோவை ரெண்டர் செய்வது, அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது, வலை இழுப்பது போல, கோர் கூடக் கூட நல்லது. போட்டோஷாப், கோரல்டிராவில் நடப்பதில் பெரும்பகுதி கண்ணி கட்டும் வேலை. அதற்கு ஆறு கோர் தாராளம். இன்டெல்லின் ஐ5-12400 அல்லது ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போதும் என்பதே என் கருத்து. இரண்டிலும் திரைக்கான கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. விலை குறைகிறதே என்று 12400எஃப் வாங்கிவிடாதீர்கள். 'எஃப்' என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் திரையில் படமே வராது.

மிச்சமாகும் பணத்தை ரேமில், அதாவது திறந்து வைத்த வேலையைத் தாங்கும் தற்காலிக நினைவகத்தில், போடுங்கள். பத்துக்கு எட்டடி பேனரை அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தாலும் சுமார் 6 கோடி பிக்சல். நான்கு வண்ணத்தில் ஒரு முழு லேயருக்கே (படத்தின் ஓர் அடுக்குக்கே) ஏறத்தாழ 240 எம்பி. அப்படி இருபது லேயர் சேர்ந்தால் 5 ஜிபியைத் தொடும். தம்பியின் கம்ப்யூட்டரில் இருந்தது 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ரேம் நிரம்பியதும் அந்த டிஸ்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. 16 ஜிபி ரேமும், ஹார்டு டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம்; முடிந்தால் 32.

நம் கரைக்கென்று ஒரு கவலையும் உண்டு. மண்டபம், பாம்பன் பக்கமிருந்து வரும் கம்ப்யூட்டர்களைத் திறந்தால் கூலரின் தகடுகளுக்கிடையே உப்பும் தூசியும் ஈரத்தில் குழைந்து அப்பியிருக்கும். காற்று போக வழியில்லாமல் சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7-14700கே முழுவீச்சில் 253 வாட் வரை இழுக்கும். ஜன்னல் திறந்த கடையில் அதை வைத்து அந்த வேகத்தை அனுபவிக்க முடியாது. நான் மேலே சொன்ன ஐ5-12400, ரைசன் 5 5600ஜி இரண்டும் 65 வாட் வகை. பெட்டியைத் தரையில் வைக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூலரைச் சுத்தம் செய்தால் நிம்மதியாக ஓடும். 13, 14-ஆம் தலைமுறையின் அதிக வாட் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அவற்றைப் பழையதாக வாங்குவோர் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று அவசியம் கேளுங்கள்.

தம்பிக்கு மதர்போர்டு, பிராசஸர், ரேம் மாற்றி, எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். முதலில் கொடுத்த பணம் போனது போனதுதான். அவருடைய பில்லில் 'ஐ7 கம்ப்யூட்டர்' என்று மட்டுமே எழுதியிருந்தது. பணம் கொடுக்குமுன் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் முழு எண்ணைப் பாருங்கள். அதே எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.