கோராவை எதைக் கொண்டு அளக்கிறோம்?

'தி லெஜண்ட் ஆஃப் கோரா' என்ற கார்ட்டூன் தொடர் எப்படி இருக்கிறது என்று அதைப் பார்த்த ஒருவரிடம் கேட்டால், பதில் பெரும்பாலும் 'அவதார் அளவுக்கு' என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. அந்த அளவுக்கு இல்லை என்றோ, சில இடங்களில் அதையும் தாண்டிவிட்டது என்றோ வாக்கியம் எப்படி வேண்டுமானாலும் முடியலாம். ஆனால் அதற்கு முந்தைய தொடரான 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அங்கே கோரா என்ற பெயரே வராது. இரண்டையும் உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ என்ற அதே இருவர். இரண்டும் நிக்கலோடியன் என்ற அமெரிக்கச் சிறுவர் தொலைக்காட்சிக்காகத் தயாரானவை. இரண்டும் ஒரே கற்பனை உலகில், ஏறத்தாழ 70 ஆண்டு இடைவெளியில் நிகழ்பவை. இருந்தும் ஒப்பீடு ஒரு திசையில் மட்டுமே ஓடுகிறது. மனித மனம் இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது என்ன செய்கிறது என்பதை விளக்க இந்த ஒருவழிப் போக்கைவிடச் சிறந்த தொடக்கப்புள்ளி எனக்குத் தெரியவில்லை.

ஒப்பிடுதல் என்றவுடன் தராசு நினைவுக்கு வருகிறது. இரண்டு தட்டுகள், நடுவில் ஒரு முள், எந்தப் பொருளை எந்தத் தட்டில் வைத்தாலும் எடை மாறாது. உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கி 1977இல் வெளியிட்ட ஆய்வு, மனத்தின் ஒப்பீடு அப்படிப்பட்டதல்ல என்று காட்டியது. 'வடகொரியா சீனாவைப் போன்றது', 'சீனா வடகொரியாவைப் போன்றது' என்ற இரண்டில் எது இயல்பாக ஒலிக்கிறது என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே முதலாவதைத் தேர்ந்தார்கள். தருக்கப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் மனம் அதிகம் அறிந்த, அதிகம் எடுப்பாகத் தெரியும் பொருளை அசையாத இடத்தில் நிறுத்திவிட்டு, மற்றதை அதன் அருகே கொண்டுவந்து பார்க்கிறது. 'நிலவைப் போன்ற முகம்' என்று சொல்கிறோம். 'முகத்தைப் போன்ற நிலவு' என்பது செவிக்கே உறுத்துகிறது. உவமை எது, உவமேயம் எது என்ற வேறுபாட்டை நம் இலக்கணம் வெகு காலமாகப் பேணி வந்திருக்கிறது; ட்வெர்ஸ்கி அந்த வேறுபாட்டை அளந்து காட்டினார். ரசிகர் மனத்தில் அவதார் உவமையாகிவிட்டது, கோரா உவமேயமாக நிற்கிறது.

அப்படியானால் கோராவை ஏன் வேறு நூறு கார்ட்டூன் தொடர்களோடு ஒப்பிடாமல் அவதாரோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள்? தொடர்ச்சி என்ற பெயர் மட்டுமே காரணமன்று. டீட்ரே ஜென்ட்னர், ஆர்தர் மார்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு வியப்பான உண்மையைக் காட்டினார்கள். மிகவும் ஒத்த இரண்டு பொருள்களுக்கிடையே வேறுபாடு சொல்லுங்கள் என்றால் மக்கள் எளிதாகப் பலவற்றை அடுக்குகிறார்கள். தொடர்பே இல்லாத இரண்டு பொருள்களுக்கிடையே வேறுபாடு கேட்டால் திணறுகிறார்கள். விடுதிக்கும் நெடுஞ்சாலையோரத் தங்குமிடத்துக்கும் உள்ள வேறுபாடு சட்டென்று வருகிறது. வார இதழுக்கும் பூனைக்குட்டிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கிருந்து தொடங்குவது என்றே தெரிவதில்லை. மனம் முதலில் இரண்டின் உறுப்புகளையும் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கி வைக்கிறது. இணை கிடைத்த இடத்தில்தான் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது.

இந்த இரு தொடர்களிலும் இணைகள் எங்கும் கிடைக்கின்றன. நீர், நிலம், நெருப்பு, காற்று என்ற நான்கையும் வசப்படுத்தும் ஒரே ஆளான 'அவதார்' முதல் தொடரில் ஆங் என்ற 12 வயதுச் சிறுவன். இரண்டாவதில், அவன் இறந்தபின் மறுபிறவியாக வந்த கோரா என்ற பெண். ஆங் காற்றை மட்டும் அறிந்தவனாகத் தொடங்கி மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருக்கிறது. கோரா சிறு குழந்தையாகத் திரையில் தோன்றும் முதல் காட்சியிலேயே மற்ற மூன்றும் அவளுக்குக் கைவந்துவிட்டன, காற்று மட்டும் பிடிபடுவதில்லை. ஆங் சண்டையைத் தவிர்க்க விரும்புபவன், கோரா அதைத் தேடிப் போகிறவள். அவன் பயணம் நாடுகளைக் கடந்து நீள்கிறது. அவள் கதை பெரிதும் ரிபப்ளிக் சிட்டி என்ற ஒரே நகரத்தில் வேர்விடுகிறது. அதாவது கோராவின் கதையமைப்பே முந்தையதைத் திட்டமிட்டுத் திருப்பிப்போட்டு உருவானது. படைப்பாளிகள் பழையதையே மீண்டும் செய்யாமலிருக்க எடுத்த ஒவ்வொரு முடிவும், ரசிகர் மனத்தில் இணை தேடும் பொறிக்குத் தீனியாக அமைந்தது. துளியும் தொடர்பில்லாத புதிய உலகைப் படைத்திருந்தால் இந்த அளவுக்கு வேறுபாடுகள் எண்ணப்பட்டிருக்க மாட்டா.

இணை தேடும் வேலையில் ஒரு சாய்வும் இருக்கிறது. இரண்டு பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகம் செய்து, பிறகு எது பிடித்திருக்கிறது என்று கேட்ட ஆய்வொன்று 1989இல் வெளிவந்தது. மக்கள் பின்னால் அறிந்த பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு பண்பும் முன்னால் அறிந்ததில் இருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். இரண்டிலும் உள்ளவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றன. பின்னதில் மட்டும் உள்ளவை தனித்து நின்று எடை கூடுகின்றன. முன்னதில் மட்டும் உள்ளவை அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை. எனவே இரண்டுக்கும் நல்ல பண்புகள் பொதுவாக இருந்து, குறைகள் தனித்தனியாக இருந்தால், பின்னதே தோற்கிறது. குறைகள் பொதுவாகி, நிறைகள் தனித்தனியாக இருந்தால் பின்னதே வெல்கிறது. கோரா முதல் வகையில் சிக்கிக்கொண்டது என்பது என் கணிப்பு. அழகிய ஓவியம், நுட்பமான சண்டைக்காட்சிகள், உயிருள்ள உலகம் ஆகியவை இரண்டிலும் இருப்பதால் அவற்றுக்கு மதிப்பெண் விழுவதில்லை. முதல் பருவத்தின் காதல் முக்கோணம் போன்ற கோராவின் சொந்தக் குறைகள்தாம் வெட்டவெளியில் நிற்கின்றன.

அவதாருக்கும் சொந்தக் குறைகள் உண்டு. ஆனால் அளவுகோலாக நிற்பது 2005 முதல் 2008 வரை ஒளிபரப்பான தொடரன்று, அதைப் பற்றி நாம் வைத்திருக்கும் நினைவு. பார்த்ததை அப்படியே எடுத்துத் திரையிடும் பெட்டகமாக நினைவு இயங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் எஞ்சிய துண்டுகளைக் கொண்டு புதிதாகக் கட்டுகிறது என்று கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இலேயே எழுதினார். அவதாரின் முதல் பருவத்தில் 'தி கிரேட் டிவைட்' என்ற அத்தியாயம், இரண்டு பகைக் குழுக்களை ஒரு பெரும் பள்ளத்தாக்கின் குறுக்கே அழைத்துச் செல்லும் கதை, தொடரின் மிகப் பலவீனமான பகுதியாகப் பல ரசிகர்களால் கருதப்படுகிறது. மூன்றாம் பருவத்தில் நாயகர்கள் தங்கள் வாழ்வையே நாடகமாக மேடையில் காணும் அத்தியாயம் ஒன்று வருகிறது. அந்த நாடகத்தில் அதே பள்ளத்தாக்கைப் பார்த்ததும் மேடைப் பாத்திரங்கள், நிற்காமல் பறந்து போவோம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. நம் நினைவும் இதையேதான் செய்கிறது. 61 அத்தியாயங்களில் சுமாரானவற்றின் மேல் பறந்துபோய், இறந்த மகனுக்காக முதியவர் ஐரோ மரத்தடியில் அமர்ந்து பாடும் சில நிமிடங்களில் மட்டும் தரையிறங்குகிறது.

எங்கே தரையிறங்குகிறது என்பதற்கும் ஒழுங்கு உண்டு. டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் ஒரு கையை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடிகள் வைத்திருந்தார்கள். மற்றொரு முறை, மற்றொரு கையை அதே நீரில் அதே 60 விநாடிகள் வைத்து, பின் நீரை மெல்ல 15 டிகிரிக்கு உயர்த்தியபடி இன்னும் 30 விநாடிகள் வைத்திருந்தார்கள். எதை மீண்டும் செய்வீர்கள் என்றபோது 32 பேரில் 22 பேர் நீண்டதையே தேர்ந்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனால் முடிவு சற்றே இதமானது. ஓர் அனுபவத்தை நினைவில் மதிப்பிடும்போது அதன் நீளத்தை மனம் பெரிதாகக் கருதுவதில்லை. உச்சமும் முடிவுமே தீர்ப்பை எழுதுகின்றன.

இதை இரு தொடர்களின் அமைப்போடு வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. அவதாரின் மூன்று பருவங்களும் ஒரே கதை. கோடை முடிவதற்குள், வால்நட்சத்திரம் வருவதற்குள், நெருப்பு நாட்டின் அரசனை எதிர்கொள்ள வேண்டும் என்ற ஒரே கெடு முதல் பருவத்திலிருந்தே தொங்கிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட பருவ இறுதிகளைப் பார்வையாளர்கள் முடிவாக எண்ணவில்லை. எல்லாம் 2008 ஜூலையில் வந்த நான்கு பகுதி இறுதியில் போய்ச் சேர்ந்தது. கோராவோ முதலில் 12 அத்தியாயங்கள் கொண்ட ஒற்றைக் குறுந்தொடராகவே ஏற்கப்பட்டது. பிறகுதான் மேலும் பருவங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு பருவமும் தனக்கென ஒரு பகைவரோடு தொடங்கி அவரோடு முடிய வேண்டியிருந்தது. ஆகவே முன்னது ஒரே முறை முடிவுக்காக மதிப்பிடப்பட்டது, பின்னது நான்கு முறை. முதல் பருவத்தின் இறுதியில், ஆற்றல்களை இழந்து உடைந்து நிற்கும் கோராவுக்குச் சில நிமிடங்களிலேயே முற்பிறவியான ஆங் தோன்றி எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடுகிறான். அந்த அவசரம் பலருக்கு நெருடியது, எனக்கும்தான். அடுத்த பருவம் வரும்வரை அந்த நெருடலே 'முடிவு' என்ற இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் பருவம் சக்கர நாற்காலியில் அமர்ந்த கோராவின் கன்னத்தில் வழியும் ஒற்றைக் கண்ணீரோடு முடிந்தபோது, அதே விதி எதிர்த்திசையில் வேலை செய்து, அப்பருவத்தைப் பற்றிய மதிப்பை உயர்த்தியது. நஞ்சின் மிச்சத்தையும் அச்சத்தின் மிச்சத்தையும் சுமந்துகொண்டு மூன்று ஆண்டுகள் தேறிவரும் கோராவைக் காட்டும் நான்காம் பருவத்து அத்தியாயத்தை, இரு தொடர்களிலும் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாகவே நான் வைப்பேன்.

காலமும் முன்னதின் பக்கமே நிற்கிறது. 1997இல் வெளியான ஓர் ஆய்வு, கலிபோர்னியாவில் மூன்று வார மிதிவண்டிப் பயணம் போன்ற நிகழ்வுகளுக்கு முன்பும், நிகழும்போதும், பின்பும் மக்களின் மனநிலையைப் பதிவு செய்தது. பயணத்தின்போது எழுதிய ஏமாற்றங்கள், முடிந்த சில நாள்களிலேயே நினைவில் மங்கி, பயணம் இனிமையாகிவிட்டது. ஆறிய நினைவையும் சூடான நிகழ்காலத்தையும் அருகருகே வைத்தால் எது வெல்லும் என்பதில் ஐயமில்லை. மேலும், 2005இல் பத்து வயதில் அவதாரைப் பார்த்த சிறுமி, 2012இல் பதினேழு வயதுப் பெண்ணாகக் கோராவின் முன் அமர்கிறாள். அளக்கும் கண்ணே மாறிவிட்டது.

உளவியலுக்கு வெளியே, வெறும் கணக்கும் இதில் இருக்கிறது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாக இருந்தாலும் பெற்றோரின் அளவுக்கு இருப்பதில்லை என்பதை 1886இல் பிரான்சிஸ் கால்டன் பதிவு செய்தார். சராசரி நோக்கிய பின்னடைவு என்று புள்ளியியல் இதை அழைக்கிறது. எந்த அசாதாரண வெற்றியிலும் திறமை ஒரு பங்கு, சரியான நேரத்தில் சரியானவர்கள் கூடிய தற்செயல் ஒரு பங்கு. திறமை அடுத்த முயற்சிக்கும் வருகிறது. தற்செயல் அதே அளவில் வரும் என்பதற்கு உறுதி இல்லை. எல்லாத் தொடர்களுக்கும் தொடர்ச்சி எடுப்பதில்லை. மிகவும் நேசிக்கப்பட்டவற்றுக்கே எடுக்கிறார்கள். ஆகவே தொடர்ச்சிகள் முன்னதைவிடச் சற்றுக் கீழே அமைவது, எவரும் எந்தத் தவறும் செய்யாவிட்டாலும் எதிர்பார்க்க வேண்டியதே.

இதனால் கோராவின் குறைகள் எல்லாம் பார்ப்பவரின் மனமயக்கம் என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. உண்மையான காரணங்களும் இருந்தன. இரண்டாம் பருவத்தின் ஒரு பகுதியை, மற்ற பருவங்களை வரைந்த தென்கொரியாவின் ஸ்டூடியோ மிர் அல்லாமல், ஜப்பானின் பியரோ நிறுவனம் வரைந்தது. வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. 2014இல் மூன்றாம் பருவம் பாதியிலேயே தொலைக்காட்சியிலிருந்து இணையத்துக்கு மாற்றப்பட்டது. நான்காம் பருவத்தின் பணஒதுக்கீட்டில் ஏறத்தாழ ஓர் அத்தியாயத்தின் அளவு குறைக்கப்பட்டபோது, பணியாளர்களை முன்கூட்டியே அனுப்பிவிடுவதைவிட, பழைய காட்சிகளைத் தொகுத்து ஓர் அத்தியாயத்தை ஒப்பேற்றுவதே மேல் என்று படைப்பாளிகள் முடிவு செய்தார்கள். அந்தத் தொகுப்பைக் குறை சொல்பவர்கள் இந்தக் காரணத்தையும் அறிந்திருப்பது நல்லது.

பார்க்கும் வரிசையை மாற்றினால் தீர்ப்பு எப்படி மாறும் என்பதற்குத் தொடரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அவதாரின் இறுதியில், கொல்ல மனமில்லாமல் தவிக்கும் ஆங்குக்குப் பெருந்தீவு போன்ற சிங்க ஆமை ஒன்று தோன்றி, எதிரியின் ஆற்றலை மட்டும் பறிக்கும் வழியைத் தருகிறது. இரண்டாம் பருவத்தில் ஒரு நூலகச் சுவடியில் அதன் படத்தை ஆங் காண்பதைத் தவிர, இதற்குப் பெரிய முன்னேற்பாடு ஏதும் கதையில் இல்லை. நெருக்கடிக்கு வானத்திலிருந்து விழுந்த தீர்வு என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. கோராவின் இரண்டாம் பருவத்திலோ, முதல் அவதாரான வான் என்பவனின் கதையைச் சொல்லும் இரண்டு அத்தியாயங்களில், அந்தச் சிங்க ஆமைகள் தங்கள் முதுகில் மனிதர்களைச் சுமந்து காத்ததும், நெருப்பையும் காற்றையும் ஆளும் ஆற்றலை அவர்களுக்கு வழங்கியதும் விரிவாக வருகின்றன. கோராவை முதலில் பார்த்துவிட்டு அவதாருக்கு வருகிற ஒருவருக்கு, கடலிலிருந்து எழும் அந்த ஆமை ஏற்கெனவே அறிந்த முகமாக இருக்கும்.