மூடி தானாகத் திறந்து மூடுகிறதா? புரோகிராமைத் தொடுவதற்கு முன் பவரைப் பாருங்கள்

பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் ப்ராஜெக்ட் ஒன்று உண்டு. ஆள் பக்கத்தில் வந்தால் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி. புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு போர்டான ஒரு ஆர்டுயினோ ஊனோ, உடல் சூட்டை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும் வெள்ளைக் குமிழ் வைத்த பிஐஆர் சென்சார், மூடியைத் தூக்க நீல நிற எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்). புரோகிராம் ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

மாணவர்கள் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருபவற்றில் பாதிக்கு மேல் ஒரே தொந்தரவுதான். எதிரே ஒருவரும் இல்லை. மூடி திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. ராத்திரி முழுக்கப் புரோகிராமை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்திருப்பார்கள். படித்துப் பார்த்தால் அதில் பிழையே இருக்காது.

வயரிங்கைப் பாருங்கள். சர்வோவின் சிவப்பு வயரும் சென்சாரின் பவர் வயரும் ஆர்டுயினோவின் அதே 5 வோல்ட் பின்னில் இருக்கும். கம்ப்யூட்டர் யுஎஸ்பியிலிருந்து ஊனோவுக்குக் கிடைப்பது 500 மில்லிஆம்பியர். அதைத் தாண்டினால் போர்டிலுள்ள ஃபியூஸ் தடுக்கும். எஸ்ஜி90 சும்மா சுற்றும்போது குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்திலும், மூடி எங்காவது சிக்கும்போதும் 600, 700 மில்லிஆம்பியர் வரை கேட்கும். உடனே 5 வோல்ட் ஒரு நொடிப்பொழுது சரியும்.

பிஐஆர் சென்சாருக்குள் இருக்கும் வெப்ப உணரி தரும் சிக்னல் மிக மிகச் சிறியது. அதைப் பல மடங்கு பெருக்கித்தான் "அசைவு இருக்கிறது" என்று முடிவு செய்கிறது. சப்ளையில் விழும் இந்தச் சரிவும் அதற்கு அசைவாகவே தெரியும். ஆக, சர்வோ மூடியை மூடக் கிளம்புகிறது, வோல்டேஜ் சரிகிறது, சென்சார் ஆள் வந்ததாகச் சொல்கிறது, மூடி மறுபடி திறக்கிறது. சரிவு இன்னும் அதிகமானால் போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலரே ரீசெட் ஆகும். "போர்டு போயிடுச்சு சார்" என்று புதிது வாங்கிவந்தவர்களும் உண்டு. பழைய போர்டு நன்றாகவே இருக்கும்.

இதை உறுதிசெய்வது சுலபம். சர்வோவுக்குக் கட்டளை கொண்டுபோகும் ஆரஞ்சு வயரை மட்டும் கழற்றுங்கள். போர்டு அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் சென்சாரின் மதிப்பை மட்டும் பாருங்கள். பவர் கொடுத்த முதல் ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சென்சார் நிலைப்பட அவ்வளவு நேரம் ஆகும். அப்புறம் ஆளில்லாத அறையில் அது அமைதியாக இருந்து, ஆரஞ்சு வயரை மாட்டியதும் கலாட்டா தொடங்கினால், கோளாறு பவரில்தான்.

சர்வோவுக்குத் தனி 5 வோல்ட், 2 ஆம்பியர் சப்ளை கொடுங்கள். நல்ல மொபைல் சார்ஜரே போதும். சிவப்பு வயர் அதன் பிளஸ்ஸுக்கு, பழுப்பு வயர் மைனஸுக்கு. பிறகு அந்த மைனஸிலிருந்து ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கு ஒரு வயர். இந்த வயரைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு சப்ளைக்கும் பொதுக் கிரவுண்ட் இல்லாவிட்டால் சர்வோ நடுங்கும், அல்லது அசையவே அசையாது. சர்வோவின் பக்கத்திலேயே திடீர்ச் சரிவைத் தாங்க 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போடுங்கள், பிளஸ் மைனஸ் மாறாமல். 9 வோல்ட் சதுர பேட்டரி இந்த வேலைக்கு உதவாது, அது இவ்வளவு கரன்ட் தரக்கூடியதல்ல. இரண்டு லித்தியம் செல்லைத் தொடராக இணைத்தால் முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். அதை நேராகக் கொடுத்தால் சர்வோ கருகிவிடும். வோல்டேஜைக் குறைத்துத் தரும் பக் கன்வர்ட்டர் வைத்து, மல்டிமீட்டரில் 5 வோல்ட் என்று அளந்த பிறகே சர்வோவை மாட்டுங்கள்.

புரோகிராமில் ஒரு சின்ன விஷயம். சர்வோவை 'அட்டாச்' கட்டளையால் பின்னோடு இணைத்ததும் அது முதலில் நடுநிலைக்கு ஓடும். அதற்கு முன்பே மூடிய நிலைக்கான கோணத்தை 'ரைட்' கட்டளையால் கொடுத்துவிட்டால் அந்தத் திடீர் துள்ளல் இருக்காது. சென்சாரை மூடியின் மேல் ஒட்டவும் வேண்டாம். மூடி அசையும்போது சென்சாரும் அசையும், அதற்கு ஊரே நகர்வது போலத் தெரியும்.

ஏசி லேபில் அருமையாக வேலை செய்தது கண்காட்சிப் பந்தலில் மந்தமாவதற்குக் காரணம் வெயில். பிஐஆர் பார்ப்பது நம் உடம்புக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் இடையிலான சூட்டு வித்தியாசத்தை. நம் ஊர் மே மாதத்தில் சுவரும் தோலும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். 7 மீட்டர் என்று எழுதியிருக்கும் தூரம் அப்போது கிடைக்காது. குப்பைத்தொட்டிக்கு, ஒலி எதிரொலிப்பதை வைத்துத் தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார்தான் பொருத்தம் என்பது என் கருத்து. கை 20 சென்டிமீட்டருக்குள் வந்தால் மட்டும் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

என்னை உண்மையாகவே பயமுறுத்துவது வேறொன்று. இதே சர்க்யூட்டை எம்ஜி996ஆர் போன்ற உலோகப் பல்சக்கர சர்வோவோடு கதவுக்கும் அலமாரிக்கும் மாட்டுகிறார்கள். பிஐஆருக்குத் தெரிவது அசைவு மட்டும்தான். ஒரு குழந்தை கதவிடுக்கில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் வேடிக்கை பார்த்தால், சென்சாரைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை. கதவு மூடத் தொடங்கும். திறக்க பிஐஆரை வையுங்கள், சரி. மூடுவதற்கு அதன் பேச்சைக் கேட்கக் கூடாது. கதவு மூடும் பாதையின் குறுக்கே ஒரு அகச்சிவப்புக் கதிர் ஜோடி (ஒன்று கதிரை அனுப்பும், மற்றது வாங்கும்) வைத்து, கதிர் மறைந்தால் சர்வோ உடனே பின்வாங்கும்படி எழுதுங்கள். பிறகு பவரை நிறுத்திவிட்டுக் கதவைக் கையால் திறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, இடுக்கில் ஒரு பென்சிலை வைத்து மூடவிடுங்கள். பென்சில் உடைந்தால் அந்தக் கதவைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டாம்.