கிரகணத்துக்கு மெயின் ஓஃப், இடிக்கு டிவி ஓன்

தோட்டத்துப் பக்கம் வயரிங் வேலை பாக்குறவன் நான். கிரகணம் வருதுன்னா ஃபோன் நிக்காது. மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணணுமா, பிரிட்ஜ் எரிஞ்சிருமா, காத்துல கரண்ட் கூடுமாமேன்னு ஒரே கேள்வி. 2019 டிசம்பர் 26ல யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் சூரியன் வளையமா தெரிஞ்சப்ப நமக்கு மலையகத்துல பகுதிக் கிரகணந்தான், அதுக்கே அவ்வளவு பயம்.

காத்துல கரண்ட் இருக்குங்குறது பொய் இல்ல. வானம் வெளிச்சிருக்குற நாள்ல தரைக்குப் பக்கத்துல ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமாரா 100 வோல்ட் ஏறும். ஒலகம் பூரா இடிக்குற மழைமேகங்கதான் இத சார்ஜ் பண்ணிக்கிட்டே இருக்கு. அப்ப தலைக்கும் காலுக்கும் நடுவுல 150 வோல்ட் வருமே, ஏன் ஷொக் அடிக்கலன்னு கேப்பீங்க. காத்து லேசுல கரண்ட கடத்தாது, நம்ம ஒடம்பு கடத்தும், அதனால தலையிலருந்து கால் வரைக்கும் ஒரே வோல்டேஜ்தான். ஒரு சதுர மீட்டர்ல எறங்குற கரண்ட்டும் ஒரு அம்பியர லட்சம் கோடியா பிரிச்சா அதுல ரெண்டு பங்கு அளவுதான்.

கிரகணத்துல என்ன நடக்குதுன்னா, நிலா எந்தக் கரண்ட்டையும் மறிக்கிறது இல்ல, வெயிலத்தான் மறிக்குது. வெயில் கொறஞ்சதும் தரை ஆறும், சூட்டுக் காத்து மேல ஏறுறது தளரும், காத்தடிக்கிறதும் கொறையும். மண்ணுக்குள்ளருந்து ரேடான்னு ஒரு வாயு வந்துக்கிட்டே இருக்கும், அதுதான் தரைக்குப் பக்கத்துல காத்த அயனாக்குறதுல, அதாவது காத்துல கரண்ட சுமக்குற துகள்கள உண்டாக்குறதுல, பெரிய பங்கு, அதுவும் தூசி பொகையும் மேல கலைஞ்சு போகாம கீழயே தங்குனா காத்து கரண்ட கடத்துற அளவு மாறும், அதோட அந்த 100 வோல்ட் கணக்கும் கொஞ்சம் ஏறி எறங்கும். 2015 மார்ச் 20 கிரகணத்தப்ப பிரிட்டன்ல இத கருவி வச்சு அளந்தாங்க. ஆனா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி வராது, மேகம், பொகை, அன்னைக்கு அடிக்கிற காத்து எல்லாம் சேந்து கொழப்பும். நானுஓயாவுல காலைல பனிமூட்டம் எறங்குனாலே தண்ணித் துளிங்க அயன புடிச்சுக்கிட்டு வோல்ட் ஏறத்தான் செய்யும், அதுக்கு யாரும் மெயின ஓஃப் பண்றது இல்லயே! கிரகணத்துல பயப்படவேண்டியது கண்ணுக்குத்தான், எக்ஸ்ரே பிலிம், மஞ்சத்தண்ணி எதுவும் காப்பாத்தாது, அதுக்குன்னே விக்கிற கண்ணாடி வேணும்.

எனக்கு எரிச்சல் எங்க வருதுன்னா, கிரகணத்துக்கு வீட்டப் பூட்டிக்கிட்டு இருந்த அதே ஆளுங்க ஏப்ரல் மாசம் ரெண்டு மணிக்கு மேல வானம் கறுத்து இடி முழங்குறப்ப டிவி போட்டு நாடகம் பாக்குறாங்க. இடி மேகத்துக்கு அடியில மீட்டருக்கு ஆயிரக்கணக்குல வோல்ட் ஏறும், ஒரு மின்னல்ல சுமாரா 30,000 அம்பியர் பாயும். மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர்தான் நமக்கு மோசமான காலம். மொத முழக்கம் கேக்குறதுக்கு முந்தியே பிளக்கையும் எண்டெனா வயரையும் கழட்டிருங்க. சுவிட்ச மட்டும் ஓஃப் பண்ணா பத்தாது, ட்ரிப் சுவிட்ச் மின்னலுக்கு வச்சது இல்ல. மலையில கொழுந்து எடுக்குறவங்க மரத்தடியில ஒதுங்கக் கூடாது, பெக்டரிக்கோ லயத்துக்கோ வந்துரணும், கடைசி முழக்கத்துக்கப்புறம் அரை மணி நேரமாவது வெளிய போகக் கூடாது.

இன்னொன்னு, லயத்து வீடுங்கள்ல நான் அடிக்கடி பாக்குறது. அந்தக் காலத்துல எர்த் வயர, அதாவது கசியுற கரண்ட மண்ணுக்குள்ள எறக்குற வயர, இரும்புத் தண்ணிப் பைப்புல கட்டியிருப்பாங்க, பிறகு பைப்ப பிவிசிக்கு மாத்தியிருப்பாங்க, வயர் மட்டும் அப்படியே தொங்கும். பாத்தா எர்த் இருக்குற மாதிரிதான் தெரியும், ஆனா மண்ணோட சம்பந்தமே இருக்காது. ஒங்க வீட்டுப் பைப்பு எப்ப மாத்துனதுன்னு கேட்டுப் பாருங்க, மாத்தியிருந்தா தெரிஞ்ச எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு மீட்டர் போட்டு அளக்கச் சொல்லுங்க. நம்ம பக்கம் பாறை நெலம், மண்ணுக்குள்ள ஒரு எர்த் கம்பி அடிச்சா பல எடத்துல எர்த் தடை ரீடிங் எறங்காது, ரெண்டு மூணு அடிச்சு ஒன்னாக் கட்டவேண்டி வரும்.