கடைசிப் பத்தியில் ஒட்டப்படும் உடன்படிக்கைகள்

ஜூனியர்கள் எழுதிவரும் தொழிலாளர் வழக்கு மனுக்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் மிஞ்சுகிறது. பணிநீக்கம், சம்பளப் பாக்கி என்று பக்கம் பக்கமாக ஓடும். கோரிக்கைக்கு முந்தைய பத்தியில், "இது ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகளுக்கும் முரணானது" என்று ஒரு வரி (ஐ.எல்.ஓ. என்பது ஜெனீவாவிலுள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு). எந்த உடன்படிக்கை, எந்தப் பிரிவு என்று இருக்காது. அண்மையில் வந்த ஒன்றில் எண் இருந்தது: "இந்தியா ஏற்புறுதி அளித்துள்ள 87ஆம் உடன்படிக்கை". சங்க உரிமை பற்றிய 87-க்கும் கூட்டுப் பேர உரிமை பற்றிய 98-க்கும் இந்தியா ஏற்புறுதி, அதாவது முறையான ஒப்புதல், அளிக்கவே இல்லை! எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டினால் மீதி மனுவையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19ஆம் உறுப்பிலேயே இருக்கும்போது ஜெனீவாவுக்கு ஏன் முதலில் ஓட வேண்டும்?

ஏற்புறுதி அளித்தால் சட்டம், அளிக்காவிட்டால் வெறும் காகிதம் என்ற நினைப்புதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். இரண்டு பாதியுமே தவறு. ஏற்புறுதி அளித்த ஒப்பந்தமும் தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் 253ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்துக்கு உண்டு. மறுபக்கம், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பற்றிய 162ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்காதபோதும், 1995-இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் ஐ.எல்.ஓ. நெறிமுறைகளை ஒட்டிப் பாதுகாப்பு அளவுகளை மறுஆய்வு செய்ய அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. உள்நாட்டுச் சட்டம் மௌனமாகவோ இருபொருள்படவோ இருக்குமிடத்தில் உடன்படிக்கை துணைக்கு வரும். சட்டம் தெளிவாக மறுத்தால் வராது.

டெல்லி மாநகராட்சி வழக்கின் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். சாலை போட்டும் பள்ளம் தோண்டியும் உழைத்த மஸ்டர் ரோல் (தினக்கூலி) பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு இல்லை, அது நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்றது மாநகராட்சி. 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்தில் அப்படி ஒரு வரம்பே இல்லை என்று நீதிமன்றம் முதலில் நிறுவியது. அதன்பிறகே பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 11ஆம் பிரிவை எடுத்து, அதன் கோட்பாடுகளைப் பணி ஒப்பந்தத்துக்குள் சேர்த்துப் படித்தது. ஐ.எல்.ஓ. ஆவணத்துக்கும் இதே வரிசைதான்.

பாகுபாட்டு வழக்கா? 1960-இல் இந்தியா ஏற்ற 111 இருக்கிறது. சம ஊதியமா? 1958 முதல் 100 இருக்கிறது. ஏற்புறுதி நிலையை ஐ.எல்.ஓ.வின் நார்ம்லெக்ஸ் தளத்தில் அன்றன்றே சரிபாருங்கள். ஐ.எல்.ஓ. வல்லுநர் குழு இந்தியாவைப் பற்றி எழுதிய கருத்துகளும் அங்கேயே கிடைக்கும். பிரிவின் முழு வாசகத்தையும் நீதிமன்றத்தில் கொடுக்கும் தட்டச்சு ஆவணத் தொகுப்பில் சேருங்கள். விசாரணை நாளில் நீங்கள் செல்போனில் தேடி எடுக்கும்வரை எந்த நீதிபதியும் காத்திருக்க மாட்டார்.