அளைச் சிங்கி

கிரேஃபிஷ் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு மீன் என்றே தோன்றும். மீனுக்கும் இதற்கும் உறவே இல்லை. நண்டு, இறால் வகையைச் சேர்ந்த, பெரிய கொடுக்குகள் உள்ள நன்னீர் உயிர் இது. பழைய பிரெஞ்சில் 'கிரேவிஸ்' என்று இருந்த சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது, அதன் கடைசி அசை அங்கிருந்தவர்கள் காதில் 'ஃபிஷ்' என்று விழுந்தது. எழுத்திலும் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. நண்டைக் குறிக்கும் 'கிராப்' அதற்குச் சொந்தம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? இந்தியாவிலோ இலங்கையிலோ இது இயற்கையாக வாழ்வதில்லை. அதனால் ஊர்வழக்கிலும் பெயர் இல்லை. நண்டு என்றால் பொருந்தாது; நண்டின் வால்பகுதி வயிற்றுக்கடியில் மடிந்துகிடக்கும், இதற்கு நீண்டிருக்கும். 'நன்னீர் இறால்' என்ற பெயரோ குளங்களில் வளர்க்கும் இறாலுக்குப் போய்விட்டது. உருவத்தில் நெருங்கி வருவது கடலின் சிங்கி இறால்தான். அதற்கு இந்தப் பெரிய கொடுக்குகள் கிடையாது என்றாலும், 'நன்னீர்ச் சிங்கி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்புறம், இவற்றில் மண்ணைக் குடைந்து வாழும் வகைகள் உண்டு. வளைச் சிங்கி எனலாம். ஆனால் 'வளை' என்றதும் வளையலும் நினைவுக்கு வரும். நண்டின் பொந்துக்குச் சங்கத் தமிழில் 'அளை' என்ற சொல் இருக்கிறது. ஐங்குறுநூற்றில் முள்ளிச்செடியின் 'வேரளை'யில் நண்டு இருக்கும். ஈர மண்ணும் வேரும் பொந்தும் சேர்ந்த இந்தச் சொல்லை விட மனம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், வடகிழக்கே ஸ்காட்ஸ்டேல் ஊரை ஒட்டிய சின்னப் பரப்பில் மட்டும் அப்படி ஓர் அரிய அளைச் சிங்கி வாழ்கிறது. 1990இல் பியர் ஹார்விட்ஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரில் 'ஸ்பினிகாடேட்டஸ்' என்று வரும். லத்தீனில் 'முள்வால்' என்று பொருள். குறுகிய அளைக்குத் தோதாக இந்த இனத்தின் கொடுக்குகள் பக்கவாட்டில் விரியாமல் மேலும் கீழுமாகத் திறக்கும். தோண்டிய சேற்றை உருண்டை உருண்டையாக வாசலில் அடுக்கிவைக்கும்.

அளைச் சிங்கிகளில் சில, ஓடையோடு சேரும்படி தோண்டும். சில, நிலத்தடி நீரை எட்டும்வரை இறங்கும். சிலவற்றுக்கு மழைநீர் வழிந்து உள்ளே வந்தாலே போதும். எதுவானாலும் உள்ளே ஈரம் நிற்க வேண்டும். அது செவுளால் மூச்சுவிடும் உயிர். சதுப்பில் வடிகால் வெட்டினால் நீர் கீழே இறங்கிவிடும். மாடுகள் மிதித்தால் மண் இறுகி அளை மூடிக்கொள்ளும். ஆஸ்திரேலிய அரசின் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் இந்த முள்வால் அளைச் சிங்கியும் இருக்கிறது.