கிராம சபையில் குடியும் போதையும்: கடையை மூடச் சொல்வதோடு நிற்க வேண்டியதில்லை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மதுவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: டாஸ்மாக் கடையை மூட வேண்டும். தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆட்சியருக்கு அனுப்பிவிட்டுக் கலைகிறார்கள். கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் கடை மூடும்வரையிலும், மூடிய பிறகும், குடிப்பவர் ஊரிலேயேதான் இருக்கிறார். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் சட்டம் ஏற்கெனவே கொடுத்திருப்பதை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

கடையைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாநிலத்தின் 2003ஆம் ஆண்டு சில்லறை மது விற்பனை விதிகளின்படி பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. நெடுஞ்சாலையோரக் கடைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் 500 மீட்டர் என்று வரம்பு விதித்தது. மக்கள்தொகை 20,000க்கு மிகாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அதை 2017 மார்ச்சில் 220 மீட்டராகக் குறைத்தது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்கக் கூடாது. கடை இந்த வரம்புக்குள் இருந்தால், அளந்து எழுதிய தூரம் எந்தக் கண்டனத்தையும்விட வலுவாகப் பேசும்.

இனி, பேசப்படாத பாதிக்கு வருவோம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெறுகிறார். மற்றவர்களுக்குக் கிடைப்பவை புத்திமதி, கோயிலில் கட்டும் கயிறு, சோற்றில் வீட்டார் கலந்து கொடுக்கும் பெயர் தெரியாத பொடி.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. இதன் பொருள் பெரியது. குடிநோயாளிக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அட்டை இல்லாவிட்டாலும் அது இலவசம். ‘குடிகாரனுக்கெல்லாம் இங்கே படுக்கை கிடையாது’ என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. தமிழக அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் 25 ‘கலங்கரை’ போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. மத்திய அரசின் நிதியுதவியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் உள்ளன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். 14416இல் மனநல ஆலோசனை கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகம் குடித்தவரை ‘இன்றோடு நிறுத்து’ என்று அறையில் பூட்டி வைப்பது ஆபத்து. கடைசியாகக் குடித்ததிலிருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் நினைவு தடுமாறி, இல்லாததைக் கண்டு பயந்து, உயிருக்கே ஆபத்தான நிலை உண்டாகலாம். கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கினால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சத்தியம் வாங்குவதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் மறுவாழ்வு இல்லங்களைப் பற்றியும் சபையில் பேச வேண்டும். ஆட்களை அனுப்பி வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவதைச் சேவை என்று விற்கும் இடங்கள் உண்டு. சட்டம் சொல்வது வேறு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறாமல் இத்தகைய நிலையம் நடத்தக் கூடாது. யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. உள்ளே இருப்பவருக்குத் தொலைபேசியில் பேசவும் வீட்டாரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. தானாக வந்து சேர்ந்தவர் கேட்டால் வெளியே அனுப்ப வேண்டும். மருத்துவர் காரணத்தோடு தடுத்தாலும் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம்வரைதான். ஒருவரை அவர் விருப்பமின்றிச் சேர்ப்பதானால், தனக்கோ பிறருக்கோ ஊறு செய்யும் நிலை போன்ற காரணங்கள் இருக்க வேண்டும், இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், முதற்கட்டத்தில் 30 நாட்களைத் தாண்டக் கூடாது. மீறினால் மனநல மறுஆய்வு வாரியத்தில் புகார் செய்யலாம். அதற்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு. கேட்க வேண்டிய இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

கஞ்சா, ஹெராயின் போன்றவற்றில் பயம் வேறு: சிகிச்சைக்குப் போனால் போலீஸ் பிடிக்குமோ? 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. அதன் 64ஏ பிரிவின்படி, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்குத் தானாகச் சென்று சிகிச்சை பெற்றால் அவர்மீது அந்த வழக்கு நடக்காது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போகலாம். சிறிய அளவு என்பது கஞ்சாவுக்கு ஒரு கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம். தண்டனை பெற்ற பிறகும் 39ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அவரைச் சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பலாம். விற்றவருக்கு இதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், ‘கஞ்சா விற்பவனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா?’ என்று கூட்டம் கொதிக்கும்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுபவர்கள் இருக்கும் ஊரில், ஒரே ஊசியைப் பலர் பகிர்வதுதான் முதல் ஆபத்து. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் அப்படித்தான் பரவுகின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் சுத்தமான ஊசியும், ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கு மாற்றாக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரையும் இலவசம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு இந்தப் பணிகளைத் தடுக்கக் கூடாது, குற்றமாகக் கருதக் கூடாது என்கிறது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அளந்து கொடுக்கும் மாத்திரையால் ஊசி ஒழிகிறது, உடல் முறுக்கும் வேதனை அடங்குகிறது, ஆள் வேலைக்குப் போகிறார்.

கள்ளச்சாராயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மெத்தனாலின் விஷம் உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுவலியும் பார்வை மங்கலும் வரும். சாதாரணப் போதை மயக்கம் என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். கண் மங்கினால் 108ஐ அழையுங்கள். குடித்ததை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மாற்று மருந்தும் டயாலிசிஸும் காலத்தோடு கொடுத்தால்தான் பலன்.

அடுத்த கிராம சபைக்கான தீர்மானத்தில், கடை பற்றிய வரிக்குக் கீழே வேறு சில வரிகளையும் சேர்க்கலாம். எங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாதம் ஒருநாள் குடிநோய் ஆலோசனை வேண்டும். அருகிலுள்ள மீட்பு மையத்தின் பெயரும் வழியும் 14446 என்ற எண்ணும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதப்பட வேண்டும். வட்டாரத்தில் உள்ள தனியார் இல்லங்களில் எவை பதிவு பெற்றவை என்ற பட்டியலை ஆட்சியர் அலுவலகம் தர வேண்டும். குடிப்பவர்களின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் அந்த ஆலோசனை நாளன்று சுகாதார நிலையத்தின் பக்கமே வரமாட்டார்.