ரோம், ஃபெர்ம்வேர், நிலைபொருள்: எது எது?

புது மொபைல் பெட்டியின் பக்கவாட்டில் '8 ஜிபி ரேம், 128 ஜிபி ரோம்' என்று அச்சிட்டிருக்கும். அதே மொபைலை ரூட் செய்து (அதாவது அதன் கோப்புகள் எல்லாவற்றையும் மாற்றும் முழு உரிமையைப் பெற்று) முடித்தவர் அடுத்துக் கேட்பது 'எந்த ரோம் போடலாம்?' என்றுதான். பெட்டியில் உள்ள ரோம் சேமிப்பிடம். இவர் கேட்கும் ரோம் வேறொரு ஆண்ட்ராய்டு. சொல்லின் பொருளைப் பார்த்தால் இரண்டுமே ரோம் இல்லை.

ரோம் என்பது ரீட் ஒன்லி மெமரி என்ற 3 சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம். எழுத முடியாது, வாசிக்க மட்டுமே முடியும் என்று பொருள். தமிழில் 'வாசிப்பு நினைவகம்', 'படிக்க மட்டும் நினைவகம்' என்றெல்லாம் எழுதுகிறோம். தொடக்கத்தில் பெயருக்கேற்ற பொருளாகத்தான் இருந்தது: ஆலையில் சில்லு செய்யும்போதே நிரலையும் சேர்த்து வார்த்துவிடுவார்கள், பிழை இருந்தால் சில்லைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன், அழித்து எழுதக்கூடிய ஈப்ரோமைக் கொண்டுவந்தார். அந்தச் சில்லின் முதுகில் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் உள்ளே இருப்பது அழியும். வெயில் பட்டு அழியாமலிருக்க ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவைப்பார்கள்.

பிறகு தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா, ஒரு பெரிய தொகுதியை மின்சாரத்தாலேயே ஒரே அடியில் அழிக்கும் நினைவகத்தை உருவாக்கி 1984இல் வெளியிட்டார். அழியும் விதம் கேமராவின் ஃப்ளாஷ் போலிருக்கிறது என்று உடன் பணியாற்றிய ஷோஜி அரியிஸுமி சொன்னதிலிருந்துதான் 'ஃப்ளாஷ்' என்ற பெயர் வந்தது. இன்று மொபைலில் இருப்பது இந்த வகை. திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிறோம், பேச்சில் மட்டும் 'ரோம்' ஒட்டிக்கொண்டது.

மொபைல் ஆர்வலர்களிடையே அது பரவியது ஆண்ட்ராய்டுக்கும் முன்னால், விண்டோஸ் மொபைல் காலத்தில். நிறுவனம் தந்த ரோம் கோப்பைப் பிரித்து, வேண்டாததை எடுத்து, வேண்டியதைச் சேர்த்து மறுபடி கட்டுவதற்கு 'சமைப்பது' என்று பெயர். கட்டுபவர் சமையல்காரர், அவருடைய கருவித் தொகுப்பு சமையலறை. 2008இல் எச்டிசி தயாரித்த ஜி1 என்ற முதல் ஆண்ட்ராய்டு மொபைல் வந்தபோது அதே ஆட்கள் அதே சொற்களோடு இங்கே குடியேறினார்கள். 2009இல் ஸ்டீவ் காண்டிக் தொடங்கிய சயனோஜென்மோட் என்ற ரோம் அப்படி வளர்ந்ததுதான். 2016 டிசம்பரில் அதன் பின்னிருந்த நிறுவனம் சேவையை நிறுத்தியதும், அது லீனியேஜ்ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தது.

இனி ஃபெர்ம்வேர். 1967இல் ஆஷர் ஓப்லர் என்பவர் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் மனதில் இருந்தது ப்ராசசரின் உள்ளே கட்டளைகளை நடத்தும் நுண்நிரல். அது ஹார்டுவேரும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை, நடுவில் நிற்பது. ஆகவே கடினத்துக்கும் மென்மைக்கும் இடையே 'உறுதி' என்று பெயர் வைத்தார்.

தமிழில் வன்பொருள், மென்பொருள் இரண்டும் கனகச்சிதமாக அமைந்துவிட்டன. வன்மை, மென்மை என்ற பண்புகளிலிருந்து பிறந்த பண்புத்தொகைகள். அதே அச்சில் ஃபெர்ம்வேருக்குத் 'திண்பொருள்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திண்மம் என்றால் அறிவியல் பாடத்தில் வேறொன்று நினைவுக்கு வரும். கலைச்சொல்லாக நின்றது 'நிலைபொருள்'. சிலர் ப் சேர்த்து 'நிலைப்பொருள்' என்று எழுதுகிறார்கள். ப் இல்லாமல் எழுதினால் நிலைத்த, நிலைக்கிற, நிலைக்கும் பொருள் என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, 'நிலைபேறு' போல. மின்சாரம் போனாலும் நிலைத்திருப்பதுதானே அதன் குணம்? ஒற்றில்லாத வடிவமே சரி என்பது என் கட்சி.

அப்படியானால் கஸ்டம் ரோமைக் 'கஸ்டம் ஃபெர்ம்வேர்' என்று கொண்டு 'தனிப்பயன் நிலைபொருள்' என்று எழுதிவிட்டுப் போகலாமா? கூடாது. வைஃபை ரவுட்டருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருளைப் போடுகிறோம் என்றால் அந்தச் சொல் பொருந்தும். அங்கே இயங்குதளமும் மற்றவையும் ஒரே உருக்கோப்பாக (இமேஜ்) சில எம்பிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. மொபைலில் அப்படி இல்லை. சேமிப்பகம் பல பிரிவுகளாக வெட்டப்பட்டிருக்கும். பூட்லோடர், மோடம், டிரஸ்ட்ஸோன் போன்றவை ஒரு கூட்டம். மொபைலை எழுப்புவதும், சிம் சிக்னலைப் பிடிப்பதும், சாவிகளைக் காப்பதும் முறையே இவற்றின் வேலை. உண்மையான நிலைபொருள் இதுதான். பூட், சிஸ்டம், ப்ராடக்ட் போன்றவை இன்னொரு கூட்டம். இது ஆண்ட்ராய்டு என்ற இயங்குதளம். லீனியேஜ்ஓஎஸ் போடும்போது பெரும்பாலான மாடல்களில் மாறுவது இரண்டாவது கூட்டம் மட்டுமே. ஆகவே 'கஸ்டம் ரோம்' என்பதற்குச் சரியான தமிழ் 'மாற்று இயங்குதளம்'. 'தனிப்பயன்' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே கோப்பை இறக்கிப் போட்டுக்கொள்கிறார்கள், இதில் தனிப்பட்ட பயன் எங்கே வந்தது?

இது வெறும் சொற்சண்டை இல்லை. ஒரு மாற்று இயங்குதளத்தின் குறிப்பில் 'ஆண்ட்ராய்டு 13 ஃபெர்ம்வேர் தேவை' என்று இருந்தால், நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு 13 பதிப்போடு வந்த மோடமும் பூட்லோடரும் மொபைலில் முதலில் இருக்க வேண்டும் என்று பொருள். ரோமும் ஃபெர்ம்வேரும் ஒன்றென்று நினைப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு மொபைல் ஆன் ஆகும், சிக்னல் வராது. அல்லது கேமரா திறக்காது. அல்லது லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், வேறு மாடலின் பூட்லோடரைப் பதிப்பது. ரெட்மி நோட் 10இன் உள்பெயர் மோஜிடோ, நோட் 10எஸ் ரோஸ்மேரி, நோட் 10 ப்ரோ ஸ்வீட். கடையில் ஒரே குடும்பமாகத் தெரியும் இவற்றில் ரோஸ்மேரி மீடியாடெக் சில்லு, மற்ற இரண்டும் குவால்காம். கோப்பைத் தேடும்போது விற்பனைப் பெயரை விட்டுவிட்டு உள்பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து ரூட். யூனிக்ஸில் எல்லாக் கோப்புறைகளும் ஒரே சாய்கோட்டிலிருந்து (/) கிளைக்கின்றன. தலைகீழ் மரம், அதன் வேர் மேலே. அந்த வேருக்கு உடையவரான பயனருக்கும் ரூட் என்றே பெயர், அவருடைய எண் 0. மூலப் பயனர் என்று சிலர் எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் 'ஃபோனுக்கு மூலம்' என்றால் மருந்துக்கடைக்குப் போகச் சொல்வார்கள். 'வேருரிமை' என்பது இந்தச் சங்கடம் இல்லாத சொல். ஜி1 மொபைலின் தொடக்கப் பதிப்பில் அந்த உரிமை கேட்காமலே கிடைத்தது. விசைப்பலகையில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் பின்னணியில் வேருரிமையுள்ள ஒரு முனையத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. யாருக்கோ எழுதும் செய்தியில் 'ரீபூட்' என்று தனி வரியில் தட்டி என்டர் அடித்தால் மொபைலே அணைந்து மறுபடி எழும். 2008 நவம்பரில் இது வெளியே தெரிந்ததும் கூகுள் அவசரமாக அடைத்தது. முதன்முதலாக ரூட் செய்தவர்கள் நுழைந்த ஓட்டை அதுதான்.

இப்போது ரூட் என்றால் பெரும்பாலும் மேஜிஸ்க் என்ற கருவி. பூட் உருக்கோப்பை எடுத்து, அதில் தன்னைச் செருகி, திரும்பப் பதிக்கிறது. ஆண்ட்ராய்டு 13உடன் பிறந்த மாடல்களில் இனிட்பூட் என்ற பிரிவில். மாற்று இயங்குதளம் போட ரூட் அவசியமே இல்லை, பூட்லோடரின் பூட்டு (நிறுவனத்தின் தளத்தை மட்டுமே ஏற்கும் தடை) திறந்திருந்தால் போதும். ரூட் செய்தவர் அதை முன்பே திறந்திருப்பார், அப்போதே மொபைல் ஒருமுறை முழுதாக அழிந்திருக்கும். ஆனாலும் வேருரிமையால் ஒரு பெரிய லாபம் உண்டு. குவால்காம் மொபைல்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, பெர்சிஸ்ட், சாம்சங்கில் இஎஃப்எஸ் ஆகிய பிரிவுகளை டிடி கட்டளையால் அப்படியே நகலெடுத்துவிடலாம். ஐஎம்இஐ எண்ணும் சென்சார் அளவீடுகளும் அவற்றில் இருக்கின்றன. ஒவ்வொரு மொபைலுக்கும் அவை தனித்தனி, இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. நகலைக் கணினிக்கு மாற்றுங்கள். மொபைலிலேயே வைத்தால் அடுத்த படியில் அதுவும் சேர்ந்து அழியும்.

ஃப்ளாஷ் பண்ணுவதற்குப் 'பதித்தல்' என்ற சொல் நன்றாக நிற்கிறது. நிறுவுதல் வேறு: ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளம் ஒரு செயலியை வரவேற்று இடம் கொடுப்பது. பதித்தல் என்றால் இயங்குதளம் தூங்கும்போது பிரிவின்மேல் நேரடியாக எழுதுவது, பழையது அடியோடு போகும். வேலையின் வரிசை இப்படி. சார்ஜ் பாதிக்குமேல் இருக்கட்டும். ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து பிரிவுகளை எழுதவிடும் பூட்லோடர் முறையில்) கணினி மொபைலைக் காணாமல் தடுமாறினால் யூஎஸ்பி 3 துளையை விட்டு யூஎஸ்பி 2இல் செருகிப் பாருங்கள். முதலில் அந்த மாடலுக்கான மீட்புக் கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு இல்லாமலே இயங்கி அதைப் பதிக்க உதவும் ரெகவரியை, பதிக்க வேண்டும். ரெகவரிக்குத் தனிப் பிரிவு இல்லாத பல மாடல்களில் அது பூட் பிரிவிலேயே போய் உட்காரும், மேஜிஸ்க் அந்த நொடியே காலி. பிறகு மீட்பு முறையில் நுழைந்து 'ஃபார்மட் டேட்டா'. வெறும் கேஷ் துடைப்பு போதாது. பழைய தளத்தின் மறையாக்கச் சாவி புதியதற்குப் புரியாது, அதனால் திறக்க முடியாமல் விழிக்கும். அடுத்து, கணினியிலிருந்து கேபிள் வழியே அனுப்பும் ஏடிபி சைட்லோட் முறையில் புதிய தளத்தின் பெரிய ஜிப் கோப்பு. கணினித் திரையில் சில நேரம் 47 சதவீதத்திலேயே ஓட்டம் நின்றுபோகும், 'வாசிக்க முடியவில்லை: வெற்றி' என்ற பொருளில் ஒரு விசித்திரச் செய்தியும் வரும். அது பெரும்பாலும் வெற்றிதான். பயந்துபோய் கேபிளைப் பிடுங்காமல் மொபைல் திரையைப் பாருங்கள்.

கூகுள் செயலிகள் வேண்டுமானால் முதல் முறை இயக்குவதற்கு முன்பே போட்டாக வேண்டும். ஆனால் ஜிப் முடிந்த கையோடு போடக் கூடாது. ஆண்ட்ராய்டு 7 முதல் வந்த ஏ, பி என்ற இரட்டை அமைப்புள்ள மொபைல்களில், ஏ ஓடும்போது புதியது பியில் எழுதப்படுகிறது. மீட்பு முறைக்கே மறுபடி ரீபூட் செய்தால்தான் பிக்கு மாறும். மாறாமல் போட்டால் செயலிகள் பழைய வீட்டுக்குப் போய்ச் சேரும். கையொப்பம் சரியில்லை என்று கேட்டால் ஆம் என்று சொல்லலாம். இந்த இரட்டை அமைப்பில் இன்னொரு கண்ணியும் உண்டு: புது மொபைலில் பி பக்கத்து நிலைபொருள் பழையதாகவோ வெறுமையாகவோ இருக்கலாம். அதனால்தான் லீனியேஜ் வழிகாட்டிகளில் சில மாடல்களுக்கு, ஓடும் பக்கத்தை மறுபக்கத்துக்கு நகலெடுக்கும் ஒரு சிறிய ஜிப்பை முதலில் போடச் சொல்கிறார்கள். அதைத் தவிர்ப்பது மொபைலை வைத்துச் சூதாடுவது.

எல்லாம் முடிந்து மறுபடி ரூட் வேண்டும் என்பவர்கள் செய்யும் முதல் தவறு, முன்பு மேஜிஸ்க் திருத்திவைத்த அதே பூட் கோப்பைத் திரும்பப் பதிப்பது. அது பழைய தளத்தின் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு). புதிய தளத்தோடு ஒட்டாது, லோகோவில் சுற்றும். புதிய ஜிப்புக்குள் பேலோட் கோப்பிலிருந்து பூட் உருவைப் பிரித்தெடுத்து, அதை மேஜிஸ்க் செயலியில் திருத்தி, அதைத்தான் பதிக்க வேண்டும். பூட்லோடரை மறுபடி பூட்டவும் கூடாது. பூட்டினால் நிறுவனத்தின் கையொப்பம் இல்லாத தளத்தைச் சரிபார்ப்பு ஏற்காது, மொபைல் எழாது. தன் சாவியைப் பதிந்து பூட்ட அனுமதிக்கும் பிக்சலில் கிராஃபீன்ஓஎஸ் போன்றவை விதிவிலக்கு. திறந்தே கிடப்பதற்கும் விலை உண்டு. பல வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் மறுக்கலாம். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின்னுருகி ஒருமுறை எரிந்தால் செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது, பழைய தளத்தைப் போட்டாலும்கூட. பழையதுக்குத் திரும்பும் வழியும் எப்போதும் திறந்திருக்காது: பிக்சல் 6இல் ஆண்ட்ராய்டு 13 பூட்லோடர் ஒருமுறை ஏறிவிட்டால் 12இன் பூட்லோடருக்கு இறங்க முடியாது.

கடைசியாக 'ப்ரிக்', பதித்தல் பிசகி மொபைல் எழாமல் போவது. செங்கல் என்று மொழிபெயர்க்க வேண்டியதில்லை, நம்மூர் சர்வீஸ் கடையில் 'டெட்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் டெட்டில் இரண்டு வகை. லோகோவில் சுற்றிக்கொண்டோ, ஃபாஸ்ட்பூட் திரையில் நின்றுகொண்டோ இருந்தால் இயங்குதளம்தான் கெட்டிருக்கிறது, மறுபடி பதித்தால் எழும். இது மயக்கம். திரை கறுப்பு, அதிர்வும் இல்லை என்றால் நிலைபொருளில் கை வைத்திருக்கிறீர்கள். அப்போதும் கேபிளைச் செருகி விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். குவால்காம் மொபைல் என்றால் பட்டியலில் 9008 என்ற எண்ணோடு ஒரு பெயர் தெரிந்தால் இன்னும் மூச்சிருக்கிறது. சில்லுக்குள் ஆலையிலேயே வார்த்த, யாராலும் அழிக்க முடியாத ஒரு சிறு நிரல்தான் அப்படிக் குரல் கொடுக்கிறது. இந்த மொபைலில் 'ரோம்' என்ற பெயருக்குத் தகுதியானது அது ஒன்றுதான்.